தாய்மாமன் குளோசப்

பள்ளிக்கூடக் காதலைப் படமெடுக்கிறவர்கள் மே மாதத்தில்தான் ஊருக்குள் வந்து இறங்குவார்கள். அப்போதுதான் பள்ளிக்கூடம் காலியாகக் கிடக்கும், வாடகைக்கும் கொடுப்பார்கள். திரையில் பார்த்தால் ஜூன் மாத மழையில் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடும். எடுத்ததென்னவோ கத்திரி வெயிலில், லாரித் தண்ணீரில். பத்தாவது படிக்கிற பையனாக வருகிறவனுக்கு இருபத்து நாலு வயதிருக்கும். மீசையை வழித்து வழித்து உட்கார வைப்பார்கள். பெண்ணுக்கும் இருபதுக்கு மேல்தான். ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிவிட்டால் ஒன்பதாம் வகுப்பு. இதையெல்லாம் நாம் கண்டுகொள்வதில்லை. ஒரு சைக்கிள் வேண்டும். பெண் வயதுக்கு வந்து பச்சை ஓலைக் குடிசைக்குள் உட்கார வேண்டும், பையன் தெருமுனையில் நின்று ஏங்க வேண்டும், கடைசியில் எவனாவது வந்து இரண்டு பேரையும் பிரித்துத் தொலைக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவோம்.

2006 மே மாதம் திருவந்திபுரத்துக்குப் பக்கத்தில், கெடிலம் ஆற்றுக் கரையோரம் ஒரு கிராமத்துக்கு அப்படி ஒரு கூட்டம் வந்தது. இயக்குநர் செந்தமிழ்செல்வன், சிதம்பரத்துக்காரர். முதல் படம். முதல் படம் எடுக்கிறவர்களுக்குத் தங்களைத் தவிர வேறு கதை கிடைப்பதில்லை போலிருக்கிறது. இவரும் தான் பத்தாவது படித்த 1988-ஐத்தான் எடுக்க வந்திருந்தார். ஊருக்குள் இருந்த டிஷ் ஆண்டெனாக்களைச் சாக்குப் போட்டு மறைத்தார்கள். எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்று அவர் நின்ற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நிஜம் என்பதற்கு இன்னொரு அர்த்தம், சென்னையிலிருந்து ஆள் கூட்டிவரக் காசில்லை என்பது.

அந்தப் படப்பிடிப்புக்குப் பந்தலும் பாத்திரமும் கொடுத்தவன் அருள்முருகன். கடலூர் செம்மண்டலத்தில் ஷாமியானா, நாற்காலி, அண்டா எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை அவனுடையது. முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா போன பிறகு அக்கா மாலதியைக் கட்டிக்கொடுத்து, அவள் பிரசவம் பார்த்து, வாங்கிய கடனையெல்லாம் அடைத்து நிமிர்வதற்குள் அவனுக்குப் பெண் பார்க்கிற காலம் கையை விட்டுப் போய்விட்டது. அதைப் பற்றி அவன் பெரிதாக அலட்டிக்கொண்டதும் இல்லை.

மாலதி இருந்தது சிதம்பரத்தில். கணவன் சபாபதி ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஒரே மகள் வெண்மதிக்கு அப்போது பத்து வயது. காது குத்துகிற அன்று அருள்முருகன் மடியில் உட்கார்ந்து, வலி தாங்காமல் அவன் முன்கையைக் கடித்து வைத்தவள். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிடுவான். தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போவான். அவள் கணக்கு நோட்டையும் பரதநாட்டிய வகுப்பில் எந்தப் பெண்ணோடு சண்டை என்பதையும் கேட்டுவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்புவான். அவனுக்கு வாழ்க்கையில் சந்தோஷம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

டீக்கடையில் சில பேர் வாய் சும்மா இருக்காது. "அக்கா பொண்ணு வளந்துகிட்டு வருதே மச்சான், உனக்கென்னா கவல" என்பார்கள். நம் பக்கத்தில் இது சாதாரணக் கிண்டல். ஆனால் அருள்முருகன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். அவனுக்கு அவள் மகள். அதைக் கடையில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை. வெண்மதி பெரியவளாகிற அன்று தாய்மாமன் முறையைக் குறையில்லாமல் செய்ய வேண்டும். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பந்தல் போட்டவன், தன் பிள்ளைக்குப் போடுகிற பந்தல் எப்படி இருக்க வேண்டும் என்று அவனுக்குள் ஒரு படமே ஓடிக்கொண்டிருந்தது. வாழைமரம் எங்கே, வரிசைத்தட்டு எந்த வழியாக வரும், நாதஸ்வரம் எந்தத் திருப்பத்தில் ஆரம்பிக்கும் என்பது வரை யோசித்து வைத்திருந்தான்.

படப்பிடிப்பில் சடங்குக் காட்சி எடுக்கிற நாள் வந்தது. தாய்மாமனாக நடிக்க வந்தவர் சென்னை நாடகக்காரர். அவருக்குக் கீற்று முடையத் தெரியவில்லை. ஓலையை மடிக்கிறார், அது வழுக்கிக்கொண்டு போகிறது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பந்தல் காலைச் சரிபார்த்துக்கொண்டு ஓரமாக நின்ற அருள்முருகன் தாங்க மாட்டாமல் உட்கார்ந்து முடைந்து காட்டினான். செந்தமிழ்செல்வன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணே, நீங்களே கட்டிடுங்க. அவரு அடுத்த சீன்ல பெரியப்பாவா வரட்டும்" என்றார்.

முதலில் கை மட்டும் எடுத்தார்கள். பிறகு முகம் வேண்டும் என்றார்கள். குடிசை முடிந்து அந்தப் பெண்ணை உள்ளே உட்கார வைத்ததும் தாய்மாமன் நின்று பார்க்கிறான், அவ்வளவுதான் காட்சி. கேமராவை மூக்குக்கு நேராகக் கொண்டு வந்து வைத்தால் எவனுக்கும் முகம் கல்லாகிவிடும். அருள்முருகனுக்கும் ஆகிவிட்டது.

"உங்களுக்கு அக்கா பொண்ணு, தங்கச்சி பொண்ணு யாராச்சும் இருக்காண்ணே?"

"இருக்கு சார். அக்கா பொண்ணு. வெண்மதின்னு பேரு."

"அது உள்ள உக்காந்திருக்குன்னு நெனச்சுக்குங்க. நெனச்சுகிட்டுப் பாருங்க."

அவன் நினைத்தான். தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டே கணக்குப் போடுகிற பிள்ளை ஒரு நாள் இப்படிப் பட்டுப் பாவாடையில் உட்கார்ந்திருக்கப்போகிறது என்று நினைத்ததும் கண் தானாகக் கலங்கியது. இதைப் பார்க்கத் தன் அப்பா இல்லையே என்று ஒரு துக்கம், நான் இருக்கிறேனே என்று ஒரு பெருமை, எல்லாம் அந்த முகத்தில் வந்தது. உதடு மட்டும் அசைய வேண்டும் என்றார்கள். என்ன சொல்வது என்று கேட்டான். வசனத்தைப் பின்னால் சென்னையில் வேறு ஆள் பேசிச் சேர்த்துக்கொள்வோம், இப்போதைக்கு ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணுங்கள் போதும் என்றார் உதவி இயக்குநர். நடிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் வழக்கமாம். அருள்முருகன் பத்து வரை எண்ணினான். செந்தமிழ்செல்வன் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்க மாமாவப் பாத்த மாதிரியே இருந்துச்சுண்ணே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

போகும்போது அவன் போட்டிருந்த பச்சைக் கோடு போட்ட சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கன்டினியூட்டி, மறுபடியும் தேவைப்பட்டாலும் படும் என்றார்கள். பதிலுக்கு ஒரு புதுச் சட்டை கொடுத்தார்கள்.

படம் வெளியே வர இரண்டு வருஷம் ஆயிற்று. பணம் போட்டவர் ஒருவர் விலகி இன்னொருவர் வந்தார் என்று கேள்வி. அதற்குள் அருள்முருகன் தான் நடித்த கதையை சிதம்பரத்தில் சொல்லி முடித்திருந்தான். வெண்மதி பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் எங்கள் மாமா சினிமாவில் நடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். 2008-ல் கடலூரில் ஒரு தியேட்டரில் படம் போட்டார்கள். மாலதியை வரவழைத்து மேட்னிக்குக் கூட்டிப்போனான். அன்று வெண்மதிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. நீ அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள் மாலதி. அது ஒன்றுதான் அந்த நாளில் நடந்த நல்லது.

ஓலை முடைகிற கை வந்தது. திருவந்திபுரத்திலிருந்து வந்திருந்தவர்கள் விசிலடித்தார்கள். மாலதி தம்பியின் தோளைத் தட்டினாள். பிறகு குடிசைக்குள் அந்தப் பெண்ணின் முகம். அவள் அழுதுகொண்டிருந்தாள். பயந்த அழுகை. அந்தக் காட்சி எடுத்தபோது அவள் அழவில்லை என்பது அருள்முருகனுக்கு நன்றாக நினைவிருந்தது. அடுத்து அவன் முகம், திரை முழுக்க. பின்னால் ஏதோ ஒரு வாத்தியம் உறுமியது. அவன் எண்ணிய ஒண்ணு ரெண்டு மூணுக்கு யாரோ ஒருவன் கரகரத்த குரலில் பேசினான்: "இன்னும் ரெண்டே வருசம். அப்புறம் இவ என் வூட்டுலதான்."

அதற்குமேல் படத்தில் அவன் முகமே இல்லை. பச்சைக் கோடு சட்டை போட்ட முதுகு ஒன்று வந்தது. அந்த முதுகு பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போயிற்று, அவள் கதறக் கதறத் தாலி கட்டியது. நடுநடுவே அதே முகத்தைத் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டியிருந்தார்கள். முன்வரிசையில் எவனோ, "உட்றா அந்தப் பொண்ண, கெழவா" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது.

வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் மாலதி முன்னால் நடந்தாள். "நா அப்புடி எதுவும் பேசலக்கா. எண்ணத்தான் சொன்னாங்க" என்றான். "தெரியும்டா" என்றாள். அவளுக்குத் தெரியும்தான். ஆனால் பஸ் ஏறும்போது, "மதிகிட்ட படம் நல்லால்லன்னு சொல்லிடறேன்" என்று அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

படம் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சிதம்பரத்துக்கு வரவே இல்லை. டி.வி.க்கும் போகவில்லை, ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டது. ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். டீக்கடையில் அவனுக்கு வில்லன் மாமா என்று பேர் விழுந்தது. மாலதியின் மாமியார் ஞானாம்பாள் படம் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. "கல்யாணம் காச்சி ஆவாத ஆளு. வாரா வாரம் வந்து பொண்ணுகிட்ட என்னா பேச்சு" என்று கேட்க ஆரம்பித்தாள்.

செந்தமிழ்செல்வன் எல்லாம் இழந்து சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்கு வந்து கிடக்கிறார் என்று தெரிந்து அருள்முருகன் ஒரு நாள் போனான். சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனான். அந்த மனிதர் தாடியும் கலைந்த தலையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் கை எழவில்லை.

"படத்த வாங்குறவங்களுக்குப் போட்டுக் காட்டினோம்ண்ணே. ரெண்டு பேரையும் பிரிக்கிறது யாருன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு நெய்வேலிக்கு மாத்தலாகி குடும்பத்தோட போயிடுவாங்க, அதான் நெசமா நடந்துச்சு. மாத்தலுக்கெல்லாம் எவன் அழுவான், வில்லன் வேணும்னாங்க. முழுசா திரும்ப எடுக்க காசு கெடையாது. இருக்குற ஷாட்ட வச்சுகிட்டு, உங்க சட்டைய வேற ஒருத்தனுக்கு மாட்டி முதுகு மட்டும் எடுத்துச் சேத்தோம்."

"அதுக்கு எம் மொகந்தான் கெடச்சுதா?"

"உங்க மொகத்துல ஒரு தப்பும் இல்லண்ணே. நல்ல மொகம். அதுக்கு முன்னாடி சிரிக்கிற பொண்ணப் போட்டா நீங்க மாமா. அழுவுற பொண்ணப் போட்டா நீங்க வேற ஆளு. பாக்குறவங்க மனசுல சேந்துக்குது. எடிட்டிங்ல அவ்ளோதான்."

மன்னிப்புக் கேட்டார். அழுதார்கூட. ஆறுதலுக்கென்று அவர் சொன்ன அந்த விளக்கம்தான் அருள்முருகனைக் கொன்றது. அதுவரை அவனுக்கிருந்தது கோபம் மட்டும். அதன்பிறகு தன் முகம் தன் கையில் இல்லை என்கிற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனான். வெண்மதி வாசலுக்கே ஓடி வந்து, பையைப் பிடுங்கி தேங்காய் பன்னை எடுத்தாள். ஏதோ ஒரு டீச்சர் மாதிரி நடந்து காட்டினாள். அவன் வழக்கம்போல அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தற்செயலாகத் திரும்பினால், சமையலறை வாசலில் மாலதி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு நொடி. உடனே, "காப்பி போடவாடா" என்று கேட்டாள்.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. பெற்றவள். பார்க்காமல் எப்படி இருப்பாள்? அந்த முகத்தை அவ்வளவு பெரிதாக, அந்த உறுமலோடு பார்த்தவள் ஆயிற்றே. அருள்முருகன் இதையெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து நியாயமாகத்தான் யோசித்தான். யோசித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. முகூர்த்தம், ஆள் இல்லை, உடம்பு சரியில்லை என்று காரணத்துக்கா பஞ்சம்? வெண்மதி போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்.

2009 தை மாதம் மாலதி தாம்பூலத் தட்டோடு செம்மண்டலத்துக்கே வந்தாள். வெண்மதி பெரியவளாகிவிட்டாள். மாலதி வீட்டில் பெரிய சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சபாபதியின் ஒன்றுவிட்ட மச்சினன் ஒருவனைத் தாய்மாமன் முறைக்கு நிறுத்திவிடலாம் என்று ஞானாம்பாள் சொல்லியிருக்கிறாள்.

"எந் தம்பி வராம எம் பொண்ணுக்கு சடங்கே கெடையாதுன்னுட்டேன். நீ வரணும்டா. அன்னிக்கி நான் உன்ன ஒரு மாதிரி பாத்துட்டேன். அது என்னா எழவோ, என்ன மீறி வந்துடுச்சு. அதுக்காவ நீ எங்கள விட்டுடாத."

அருள்முருகன் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சடங்கன்று விடியற்காலையிலேயே சிதம்பரத்தில் இருந்தான். வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து பச்சை ஓலை முடைந்து குடிசை கட்டினான். கை தன் வேலையைத் தானாகச் செய்தது. பட்டுச் சேலை, வளையல், பழம் என்று வரிசைத்தட்டுகளைக் கொண்டு வந்து வைத்தான். சபாபதிகூட வந்து, "சாப்பிட்டீங்களா மாப்ள" என்று கேட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்றுதான் இருந்தது. மாலையைக் கையில் கொடுத்து அவனைக் குடிசை முன்னால் நிறுத்தினார்கள். வெண்மதியை அழைத்து வந்தார்கள்.

இத்தனை நாள் அவன் வராமல் இருந்த கோபத்தையெல்லாம் மறந்து அவள் மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். அவன் நிமிர்ந்தான். ஞானாம்பாளும் பக்கத்துவீட்டுப் பெண்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். சடங்குக்கு வந்த பெண்கள் சடங்குப் பெண்ணைத்தான் பார்ப்பார்கள். இவர்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள்.

அவனுக்குத் தன் முகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. சிரித்தால் ஒரு அர்த்தம், சிரிக்காவிட்டால் ஒரு அர்த்தம். உள்ளே பொங்கி வந்ததை அப்படியே வெளியே விட்டால் அது என்னவாகப் போய்ச் சேரும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு எவளாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது காலத்துக்கும் அவளோடு போகும். தலையைக் குனிந்துகொண்டு மாலையை அக்கா கையில் கொடுத்தான்.

"நீயே போட்டுடுக்கா. பண்ருட்டில பந்தல் ஏத்தணும், லேட்டாயிடுச்சு."

"மாமா" என்றாள் வெண்மதி. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். அன்று அவன் கடைக்கு எந்த ஊரிலும் ஆர்டர் கிடையாது.

அதன்பிறகு வெண்மதி அவனோடு பேசவில்லை. மாலதிதான் எப்போதாவது போன் செய்வாள். கடை பாட்டுக்கு ஓடியது. அவன் பந்தல் போட்டுக் கொடுப்பதோடு சரி, விசேஷம் நடக்கும்போது நிற்பதில்லை, ஆட்களை அனுப்பிவிடுவான். படம் பிடிக்கிறவர்கள் இருக்கிற பக்கம் போகவே மாட்டான். கடலூரில் பாதிப் பேர் அவனைச் சிடுமூஞ்சி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

2011 கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் அடித்து ஓய்ந்தபோது கடலூரில் நிமிர்ந்து நின்ற மரம் குறைவு. அருள்முருகனின் கொட்டகைத் தகரம் எந்தத் தெருவில் போய் விழுந்தது என்றே தெரியவில்லை. துணிகள் எல்லாம் சேற்றில் ஊறிக் கிடந்தன. 2012 பொங்கலுக்கு முன்னால், கரண்ட் இன்னும் வராத ஒரு பகலில், மாலதி அரிசி மூட்டையும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு வந்தாள். மூட்டையைச் சுமந்துகொண்டு கூடவே வெண்மதி. பதினாறு வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். நன்றாக வளர்ந்து, அப்படியே அக்கா சாயலில் இருந்தாள். முறிந்த முருங்கை மரத்தைத் தாண்டி உள்ளே வராமல் கேட்டருகிலேயே நின்றாள்.

"உள்ள வாடி" என்றாள் மாலதி.

"நீ போய்க் குடுத்துட்டு வாம்மா. அவரு நம்மள எல்லாம் கண்டுக்குவாரா? ஒரு படத்துல மூஞ்சி வந்துடுச்சு, அன்னியிலேந்து பெரிய ஆளு. எஞ் சடங்குக்கு நின்னு ஒரு மால போட நேரமில்ல அவருக்கு. அவ்ளோ திமிரு."

அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. மூன்று வருஷமாக உள்ளே வைத்திருந்தது.

மாலதிக்குப் பொறுக்கவில்லை. "ஏய், உனக்கு என்னா தெரியும்? உங்க மாமா ஏன் போச்சுன்னு சொல்லட்டுமா?" என்று திரும்பினாள்.

அருள்முருகன் சேற்றுத் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து அக்காவின் கையைப் பிடித்தான். வேண்டாம் என்று தலையாட்டினான். தெரிந்துகொண்டால் அவள் அவனைத் திட்டமாட்டாள். ஆனால் சின்ன வயதில் அவன் மடியில் உட்கார்ந்தது, பன் வாங்கிக் கொடுத்தது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாவற்றையும் ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு நம் மாமா நல்லவர்தான் என்று முடிவுக்கு வருவாள். அப்படி ஒரு முடிவுக்கு வரவேண்டிய நிலை அவளுக்கு வரக்கூடாது என்று அவன் நினைத்தான்.

"புள்ள சொல்றது சரிதாங்க்கா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே, கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி. "எனக்குக் கொஞ்சம் திமிரு ஜாஸ்திதான்."

வெண்மதி அதை நம்பினாள். அரிசி மூட்டையைக் கேட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு, அம்மாவுக்காகக் காத்திராமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அவள் முதுகு திரும்பிய பிறகுதான் அருள்முருகன் தலையை நிமிர்த்தி, தெருமுனை தாண்டுகிற வரைக்கும் அவளை ஆசை தீரப் பார்த்தான்.